படம் சூப்பர் ஹிட், கேமை வாங்கலாமா? - 36 நாளில் செய்த ஈ.டி.

ஒரு படம் சக்கைப்போடு போடுகிறது. மூன்று தடவை பார்த்தாகிவிட்டது. போஸ்டர், டீ-ஷர்ட், ஸ்டிக்கர் எல்லாம் வந்தாயிற்று. இப்போது அதே படத்தின் பெயரில், அதே எழுத்து வடிவத்தில், ஒரு வீடியோ கேம் டப்பா கடை அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது. வாங்கலாமா, வேண்டாமா?

"படத்தை வச்சு எடுத்த கேம் எல்லாம் மொக்கை" என்பது கேம் ஆடுபவர்களிடையே பழமொழி மாதிரி ஆகிவிட்ட ஒரு வாசகம். ஆனால் ஏன் மொக்கை என்று கேட்டால் பாதிப் பேரிடம் பதில் இருக்காது. "காசுக்காக எடுக்கிறான்" என்பார்கள். எந்த கேமைத்தான் காசு இல்லாமல் எடுக்கிறார்கள்? நல்ல கேமும் காசுக்காகத்தான் எடுக்கப்படுகிறது. ஆகவே அந்தப் பதில் செல்லாது. சரியான பதிலுக்கு 1982ஆம் ஆண்டு அமெரிக்காவுக்குப் போக வேண்டும். அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு லட்சக்கணக்கான பெற்றோர்கள் கடையில் இதே கேள்வியோடு நின்றார்கள். அவர்கள் கையில் இருந்த டப்பாவின் பெயர் ஈ.டி.

அதற்கு முன்பே படங்களுக்கும் வீடியோ கேமுக்கும் உறவு தொடங்கிவிட்டது. 1975ல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் ஜாஸ் படம் ஓடு ஓடென்று ஓடியபோது, அட்டாரி கம்பெனி காசு போட்டு ஆடும் ஆர்கேட் எந்திரம் ஒன்றை இறக்கியது. பெயர் ஷார்க் ஜாஸ். உரிமை எதுவும் வாங்கவில்லை. எந்திரத்தின் மேல் "ஷார்க்" என்பது பொடி எழுத்தில், "ஜாஸ்" என்பது பெரிய எழுத்தில்! வழக்கு வந்தால் தாய்க் கம்பெனி மாட்டக்கூடாது என்று வேறொரு பெயரில் வெளியிட்டார்கள். 1979ல் சூப்பர்மேன் கேம் முறைப்படி வந்தது. அப்போது அட்டாரியும் சூப்பர்மேன் படமும் ஒரே முதலாளியிடம், அதாவது வார்னர் கம்யூனிகேஷன்ஸிடம் இருந்தன. ஆகவே பேரம் பேச வேண்டிய அவசியமே இல்லை. பெரிய தொகை கொடுத்து வெளியார் படத்துக்கு உரிமை வாங்கும் பழக்கம் அதற்குப் பிறகுதான் சூடு பிடித்தது.

அட்டாரியைப் பற்றி இரண்டு வரி. 1972ல் நோலன் புஷ்னெல், டெட் டாப்னி இருவரும் தொடங்கிய கம்பெனி. பாங் என்ற டென்னிஸ் மாதிரியான கேம்தான் அவர்களைத் தூக்கிவிட்டது. 1976ல் வார்னர் 2.8 கோடி டாலருக்கு அட்டாரியை வாங்கியது. 1977ல் வீட்டு டிவியில் மாட்டி ஆடும் விசிஎஸ் என்ற எந்திரம் வந்தது (பின்னாளில் இதற்குத்தான் அட்டாரி 2600 என்று பெயர்). எந்திரத்தை ஒரு தடவை வாங்கினால் போதும், கேம் ஒவ்வொன்றும் தனித்தனி கார்ட்ரிட்ஜ். ஷேவிங் ரேசரை மலிவாகக் கொடுத்துவிட்டு பிளேடில் சம்பாதிக்கும் அதே வியாபாரம்தான். 1980ல் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் கார்ட்ரிட்ஜ் வந்ததும் அதை ஆடுவதற்காகவே ஜனங்கள் எந்திரத்தை வாங்கினார்கள். வார்னரின் மொத்த லாபத்தில் பாதிக்கு மேல் அட்டாரியிலிருந்து வரும் நிலை உண்டாயிற்று. சினிமா கம்பெனிக்கு பொம்மைக் கம்பெனி சோறு போட்டது!

அப்போது அட்டாரியின் தலைவர் ரே கஸார். ஜவுளித் தொழிலில், பர்லிங்டன் இண்டஸ்ட்ரீஸில், பழம் தின்று கொட்டை போட்டவர். விற்பனை, விளம்பரம், கணக்கு எல்லாம் அத்துப்படி. ஆனால் கேம் எழுதும் புரோகிராமர்களுக்கு சம்பளம் உண்டே தவிர, டப்பாவில் பெயரும் கிடையாது, விற்பனையில் பங்கும் கிடையாது. நான்கு முக்கியமான புரோகிராமர்கள் பங்கு கேட்டார்கள். கார்ட்ரிட்ஜை யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்கிற தொனியில் பதில் வந்தது என்பது அவர்கள் பிற்பாடு சொன்ன கதை. 1979ல் அவர்கள் வெளியேறி ஆக்டிவிஷன் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். அட்டாரி எந்திரத்துக்கு அட்டாரி அல்லாத ஒருவர் கேம் செய்வது அதுவே முதல் தடவை. அட்டாரி வழக்குப் போட்டது. 1982ல் சமரசம். அட்டாரிக்கு ராயல்டி கொடுத்துவிட்டு யாரும் கேம் செய்யலாம் என்று ஆனது. அணை உடைந்த மாதிரி புதுப்புது கம்பெனிகள் வந்தன. காலை உணவுக்கு ஓட்ஸ் விற்கும் குவேக்கர் கம்பெனி கூட வீடியோ கேம் பிரிவு வைத்திருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் ஒரு சமாச்சாரம். காமர்ஸ் படிப்பவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

1981 அக்டோபரில் அட்டாரி தன் விநியோகஸ்தர்களிடம் 1982 முழு வருடத்துக்குமான ஆர்டரை முன்கூட்டியே கேட்டது. அதுவரை சரக்குத் தட்டுப்பாடு. 100 கார்ட்ரிட்ஜ் கேட்டால் 60தான் வரும் என்று பழகிப்போன விநியோகஸ்தர்கள், 100 தேவைப்பட்டால் 200 எழுதினார்கள். கல்யாண வீட்டில் பந்தி முடிந்துவிடுமோ என்று இலைக்கு இரண்டு வடை கேட்பது மாதிரி. அட்டாரியோ அந்த 200ஐ உண்மையான தேவை என்று நம்பி உற்பத்தித் திட்டம் போட்டது. காகிதத்தில் இருந்த ஆர்டரைப் பார்த்தால் 1982 பொற்காலம். ஆனால் அது கடைக்காரரின் பயத்தின் அளவே தவிர, வாடிக்கையாளரின் ஆசையின் அளவு அல்ல. அதற்கு மேல் இன்னொன்று. விற்காத சரக்கைத் திருப்பி அனுப்பும் வழக்கம் அந்தத் தொழிலில் இருந்தது. கம்பெனியின் கிடங்கை விட்டு வெளியே போய்விட்ட கார்ட்ரிட்ஜ் என்பது விற்ற கார்ட்ரிட்ஜ் ஆகாது.

முதல் எச்சரிக்கை மணி 1982 மார்ச்சில் அடித்தது. ஆர்கேடில் உலகையே ஆட்டிப்படைத்த பேக்-மேனின் வீட்டு வடிவம் வந்தது. சுமார் 1.2 கோடி கார்ட்ரிட்ஜ் தயாரித்ததாகச் சொல்லப்படுகிறது. விற்றது 70 லட்சத்துக்கு மேல். அந்த எந்திரத்தில் அதைவிட அதிகம் விற்ற கேம் எதுவும் கிடையாது. ஆனால் சாதனை விற்பனைக்குப் பிறகும் கிடங்கில் லட்சக்கணக்கில் மிச்சம். வாங்கியவர்களுக்கும் திருப்தி இல்லை. பேய்கள் மினுக்கிக்கொண்டே இருந்தன, ஆர்கேடில் பார்த்த அழகு இல்லை. "அட்டாரி பெயர் போட்டால் நன்றாகத்தான் இருக்கும்" என்று வாங்கிப் பழகிய கை முதல் தடவையாகத் தயங்கியது.

இனி ஈ.டி. 1982 ஜூன் 11 அன்று ஸ்பீல்பெர்க்கின் படம் வெளிவந்தது. சுமார் ஒரு கோடி டாலரில் எடுத்த படம், முந்தைய ஸ்டார் வார்ஸ் வசூல் சாதனையையே முறியடித்தது. (கதை தன்னுடைய தி ஏலியன் திரைக்கதை இல்லாமல் வந்திருக்காது என்று சத்யஜித் ராய் சொன்னதும், ஸ்பீல்பெர்க் மறுத்ததும் தனி விவகாரம். அதற்குத் தனிக் கட்டுரையே எழுதலாம்.) படத்தை வெளியிட்டது யுனிவர்சல். வார்னர் தலைவர் ஸ்டீவ் ராஸுக்கு ஸ்பீல்பெர்க்கோடு நெருங்கிப் பழக வேண்டும், அவரைத் தன் பக்கம் இழுக்க வேண்டும் என்று ஆசை. ஜூலை மாதம் முழுக்கப் பேச்சுவார்த்தை. கடைசியில் ஈ.டி. கேம் உரிமைக்கு 2 கோடி முதல் 2.5 கோடி டாலர் வரை கொடுக்க ஒப்பந்தமானது என்று அப்போதைய செய்திகள் சொல்கின்றன. அதுவும் விற்றாலும் விற்காவிட்டாலும் கொடுத்தே ஆக வேண்டிய தொகை. கஸாருக்கு இதில் உடன்பாடு இல்லை, முட்டாள்தனமான யோசனை என்றே நினைத்ததாகப் பின்னாளில் சொன்னார். ஆனால் முதலாளி முடிவு எடுத்துவிட்டார்.

பேச்சுவார்த்தை இழுத்ததில் போனது பணம் மட்டுமில்லை, நாட்களும்தான். கிறிஸ்துமஸுக்குக் கடையில் இருக்க வேண்டும் என்றால் சிப் தயாரிக்க, டப்பாவில் போட, அனுப்ப எல்லாம் மாதக்கணக்கில் ஆகும். பின்னோக்கிக் கணக்குப் போட்டால் புரோகிராம் செப்டம்பர் 1ஆம் தேதி கையில் இருக்க வேண்டும். ஜூலை 27 அன்று ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்ற புரோகிராமருக்கு கஸாரிடமிருந்து போன் வந்தது. செய்ய முடியுமா? இடையில் இருந்தவை 36 நாட்கள். ஒரு கேமுக்கு அப்போது ஆறேழு மாதம் ஆவது சகஜம்.

வார்ஷா சாதாரண ஆள் அல்ல. யார்ஸ் ரிவெஞ்ச் என்ற அவருடைய கேம் அந்த எந்திரத்தின் மிகச்சிறந்தவற்றில் ஒன்று என்று இன்றும் சொல்லப்படுகிறது. ஸ்பீல்பெர்க்கின் ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க் படத்தையும் கேமாக எழுதியவர் அவர்தான். முடியும் என்றார். இளமைத் துணிச்சல், கூடவே 2 லட்சம் டாலரும் ஹவாய் சுற்றுலாவும் பேசப்பட்டதாகச் சொல்வார்கள். ஓரிரு நாளில் தனி விமானத்தில் போய் ஸ்பீல்பெர்க்கிடம் தன் திட்டத்தை விளக்கினார். ஈ.டி. ஒரு போன் செய்து தன் கிரகத்துக்குப் பேச வேண்டும். அதற்கான துண்டுகளைத் தேடி எடுக்க வேண்டும். இதுதான் திட்டம். பேக்-மேன் மாதிரி ஏதாவது செய்யக்கூடாதா என்று ஸ்பீல்பெர்க் கேட்டாராம். வார்ஷாவுக்கு அது பிடிக்கவில்லை. காப்பி அடித்த மாதிரி ஆகிவிடும் என்று தன் திட்டத்திலேயே நின்றார். இன்று யோசித்தால், 36 நாளுக்கு ஸ்பீல்பெர்க்கின் யோசனைதான் புத்திசாலித்தனமானது!

அந்த எந்திரத்தைக் கொஞ்சம் புரிந்துகொண்டால்தான் 36 நாள் என்பதன் கொடுமை புரியும். அட்டாரி 2600ன் நினைவகம் 128 பைட். கிலோபைட் அல்ல, பைட். இந்தப் பத்தியைக்கூட அதில் சேமிக்க முடியாது. திரையில் படத்தை மொத்தமாக வைத்துக்கொள்ள இடமே இல்லாததால், டிவியில் மின்கதிர் ஒவ்வொரு கோடாக வரைந்துகொண்டு போகும் அதே வேகத்தில் புரோகிராம் அடுத்த கோட்டில் என்ன வர வேண்டும் என்று சொல்லிக்கொண்டே ஓட வேண்டும். ஒரு நொடியின் மிகச்சிறிய பின்னம் பிந்தினாலும் படம் கலைந்துவிடும். ஈ.டி. கார்ட்ரிட்ஜின் மொத்தக் கொள்ளளவு 8 கிலோபைட். படங்களை ஜெரோம் டொமுரட் வரைந்தார். வார்ஷாவின் வீட்டிலேயே ஒரு புரோகிராமிங் எந்திரத்தை வைத்துவிட்டார்கள். சாப்பிடுவதும் காரோட்டுவதும் தவிர மற்ற நேரமெல்லாம் வேலை. செப்டம்பர் 1ஆம் தேதிக்கு முடித்தும் விட்டார். இது நிஜமாகவே பெரிய சாதனை என்பதை மறந்துவிடக்கூடாது.

மிச்சமில்லாமல் போனது ஒன்றே ஒன்று: சரி பார்க்கும் நேரம். பொதுவாகச் சிறுவர்களைக் கூப்பிட்டு ஆட வைத்து, எங்கே திணறுகிறார்கள் என்று பார்த்துத் திருத்துவார்கள். அந்தக் கட்டத்தையே விட்டுவிட்டார்கள்.

விளைவு? கேமில் நிறையக் குழிகள். போனின் மூன்று துண்டுகளும் அந்தக் குழிகளில் கிடக்கும். ஈ.டி. குழிக்குள் விழ வேண்டும், கழுத்தை நீட்டி மிதந்து மேலே வர வேண்டும். பிரச்சினை என்னவென்றால், ஈ.டி.யின் கால் குழியில் பட்டால் மட்டும் அல்ல, தலையின் ஓரம் குழியின் ஓரத்தில் பட்டாலே விழுந்துவிடும். பார்ப்பவரின் கண்ணுக்குக் குழிக்கு வெளியே நிற்கிற ஈ.டி., கேமின் கணக்கில் குழிக்குள் இருக்கிறது! கஷ்டப்பட்டு மேலே வந்து ஒரு அடி நகர்ந்தால் மறுபடியும் உள்ளே. ஒவ்வொரு அடிக்கும் சக்தி குறைந்துகொண்டே வரும். எப்.பி.ஐ. ஆள் வந்து துண்டைப் பறிப்பான், விஞ்ஞானி தூக்கிக்கொண்டு போவார். படத்தில் ஈ.டி.யைப் பார்த்து அழுத ஏழு வயதுப் பையன் எதற்காக இதை ஆட உட்கார்ந்தான்? அந்தச் சினேகத்துக்காக. சைக்கிள் வானில் பறப்பதற்காக. அவனுக்குக் கிடைத்தது குழி.

பல வருடங்களுக்குப் பிறகு ரசிகர் ஒருவர் அந்த புரோகிராமைப் பிரித்துப் பார்த்து, குழியில் விழும் கணக்கை மட்டும் திருத்தி இணையத்தில் போட்டார். ஒரு சில பைட்டுகளை மாற்றியதுமே கேம் ஆடத்தக்கதாக ஆகிவிட்டது. சில நாள் சோதனை இருந்திருந்தால் அட்டாரியே கண்டுபிடித்திருக்கும். 2 கோடி டாலர் உரிமைக்குக் கொடுத்தவர்கள் சில நாட்களைக் கொடுக்கவில்லை.

டிசம்பரில் ஈ.டி. கடைகளுக்கு வந்தது. முதலில் நன்றாகவே விற்றது. வாங்கியவர் பெரும்பாலும் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி. அவர்களுக்குத் தெரிந்தது படத்தின் பெயர் மட்டும்தான். சுமார் 40 லட்சம் கார்ட்ரிட்ஜ் தயாரானது, விற்றது 15 லட்சம் அளவில் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. உரிமைத் தொகையை 2.1 கோடி டாலர் என்று வைத்துக்கொண்டு ஒரு சின்ன வகுத்தல் போடலாம். நாற்பது லட்சமும் விற்றிருந்தால் கார்ட்ரிட்ஜ் ஒன்றின் தலையில் ஐந்தேகால் டாலர் சுமை. 15 லட்சம்தான் விற்றது என்றால் 14 டாலர். அதற்கு மேல் சிப் செலவு, டப்பா, விளம்பரம், கடைக்காரர் கமிஷன், திரும்பி வந்ததற்கு லாரி வாடகை. வேறு எந்த கேம் 15 லட்சம் விற்றாலும் ஊரைக் கூட்டி விருந்து வைத்திருப்பார்கள். இதற்கோ அது மரண ஓலை.

ஆனால் அட்டாரியை ஈ.டி. கவிழ்த்தது என்று சொல்வது வரலாற்றைப் பாதியில் படித்த கதை. 1982 டிசம்பர் 7 அன்று, அதாவது ஈ.டி.யின் முடிவு யாருக்கும் தெரிவதற்கு முன்பே, வார்னர் தன் விற்பனை மதிப்பீட்டைக் குறைத்து அறிவித்தது. 50 சதவீத வளர்ச்சி எதிர்பார்த்த இடத்தில் 10 முதல் 15 சதவீதம்தான் வரும் என்றது. காரணம் மேலே சொன்ன ஆர்டர்கள்தான். 200 எழுதிய விநியோகஸ்தர்கள் ஒவ்வொருவராக ரத்து செய்ய ஆரம்பித்திருந்தார்கள். மறுநாள் வார்னர் பங்கு மூன்றில் ஒரு பங்கு விழுந்தது. அறிவிப்புக்கு 23 நிமிடங்களுக்கு முன் கஸார் தன் வசமிருந்த 5,000 வார்னர் பங்குகளை விற்றிருந்தது பின்னர் தெரியவந்து பெரிய சர்ச்சையானது. தவறை ஒப்புக்கொள்ளாமல், லாபத்தைத் திருப்பிக் கொடுத்து விவகாரத்தை முடித்துக்கொண்டார். 1983 ஜூலையில் பதவி விலகினார்.

1983ல் அட்டாரியின் நஷ்டம் 50 கோடி டாலருக்கு மேல். புதிதாக வந்த குட்டிக் கம்பெனிகள் திவாலானபோது அவர்களுடைய சரக்கைத் திருப்பி அனுப்பக் கடைக்காரருக்கு முகவரியே இல்லை. ஆகவே கூடையில் கொட்டி வந்த விலைக்கு விற்றார்கள். 30 டாலருக்கு மேல் கொடுத்து நல்ல கேம் வாங்க வந்தவர் 5 டாலர் கூடையைப் பார்த்தால் எதை எடுப்பார்? மோசமான சரக்கு நல்ல சரக்கை விரட்டியது. 1983ல் 300 கோடி டாலரைத் தாண்டியிருந்த அமெரிக்க வீட்டு வீடியோ கேம் தொழில் 1985ல் சுமார் 10 கோடிக்கு இறங்கியது என்பார்கள். 1984 ஜூலையில் வார்னர் அட்டாரியின் வீட்டுப் பிரிவை ஜாக் டிராமியலுக்கு விற்றுக் கைகழுவியது.

நடுவில், 1983 செப்டம்பரில், டெக்சாஸின் எல் பாசோவிலிருந்து லாரி லாரியாக கார்ட்ரிட்ஜ்கள் பக்கத்து நியூ மெக்சிகோ மாநிலத்தில் அலமொகோர்டோ என்ற சிற்றூரின் குப்பைமேட்டுக்குப் போயின. நசுக்கி, புதைத்து, மேலே கான்கிரீட் ஊற்றினார்கள். நியூயார்க் டைம்ஸ் அந்த மாதமே செய்தி போட்டது. ஆனாலும் காலம் போகப் போக அது கட்டுக்கதை மாதிரி ஆகிவிட்டது. லட்சக்கணக்கான ஈ.டி.க்கள் பாலைவனத்தில் புதைந்து கிடக்கின்றன என்று ஒருவர் சொல்ல, அதெல்லாம் சும்மா என்று இன்னொருவர் சொல்ல, முப்பது வருடம் ஓடிவிட்டது.

பழி முழுக்க வார்ஷா மேல் விழுந்தது. உலகின் மிக மோசமான கேம் என்ற பட்டியல் எங்கே போட்டாலும் ஈ.டி. முதலிடம். இது நியாயமே இல்லை. ஆர்டரை நம்பியது அவர் இல்லை. உரிமைக்கு விலை பேசியது அவர் இல்லை. சோதனையை ரத்து செய்தது அவர் இல்லை. அவர் செய்த ஒரே தப்பு முடியும் என்று சொன்னது. அட்டாரியை விட்ட பின் வேறு வேறு வேலைகள் பார்த்து, கடைசியில் மனநல ஆலோசகர் ஆனார். யார்ஸ் ரிவெஞ்ச் சிறந்த கேம் பட்டியலில், ஈ.டி. மோசமான கேம் பட்டியலில். ஆகவே உலகிலேயே விரிந்த வீச்சு கொண்ட கேம் டிசைனர் தான்தான் என்று அவரே வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

அட்டாரி விழுந்த இடத்தில் 1985ல் நிண்டெண்டோ வந்தது. ஒரு கம்பெனி வருடத்துக்கு இத்தனை கேம்தான் வெளியிடலாம் என்று கட்டுப்பாடு, அனுமதி இல்லாத கார்ட்ரிட்ஜை எந்திரமே ஏற்காதபடி ஒரு சிப், கார்ட்ரிட்ஜ் தயாரிப்பு முழுக்கத் தன் கையில், பணம் முன்கூட்டியே. அளவுக்கு மீறிச் சரக்கு குவியாமல் இருக்க இதெல்லாம் உதவியது. ஆனால் படத்தின் பெயரில் வரும் மொக்கையை அதனாலும் தடுக்க முடியவில்லை. எல்ஜேஎன் என்ற பொம்மைக் கம்பெனி ஜாஸ், ஃப்ரைடே தி தர்ட்டீன்த், பேக் டு தி ஃப்யூச்சர் என்று வரிசையாக வெளியிட்டது. ஆடியவர்களிடம் இன்றும் பெயரைச் சொன்னால் போதும், முகம் கோணும். (1982ல் ஈ.டி. பொம்மைகளைச் செய்து விற்றதும் இதே எல்ஜேஎன்தான். அந்தப் பொம்மைகள் குழியில் விழவில்லை.)

விதிவிலக்குகளைப் பார்த்தால்தான் விதி புரியும். 1993 நவம்பரில் சேகா எந்திரத்துக்கு வந்த அலாதீன் அபாரமாக இருந்தது. டிஸ்னியின் ஓவியர்களே அசைவுகளை வரைந்து கொடுத்தார்கள். படம் வந்தது 1992 நவம்பரில். ஒரு வருட இடைவெளி.

அதைவிடப் பெரிய உதாரணம் கோல்டன்ஐ 007. ஜேம்ஸ் பாண்ட் படம் வெளிவந்தது 1995 நவம்பர். கேம் வந்தது 1997 ஆகஸ்ட். படத்தை எல்லோரும் மறந்தே விட்டார்கள், அடுத்த பாண்ட் படமே வரப்போகிறது. இங்கிலாந்தின் ரேர் கம்பெனியில் மார்ட்டின் ஹாலிஸ் தலைமையில் சிறிய குழு. பெரும்பாலோருக்கு கேம் செய்வதே முதல் தடவை. வழக்கமான வியாபாரக் கணக்கில் பார்த்தால் இது படுதோல்வி அடைந்திருக்க வேண்டும். பிந்தட்டும் என்று விட்டார்கள். நான்கு பேர் ஒரே டிவியில் ஒருவரையொருவர் சுட்டு விளையாடும் பகுதி, கோல்டன்ஐ என்றால் எல்லோருக்கும் நினைவு வருவது அதுதான், கடைசிச் சில மாதங்களில்தான் சேர்க்கப்பட்டது. படத்தோடு சேர்த்து வெளியிட்டிருந்தால் அது இருந்தே இருக்காது. 80 லட்சத்துக்கு மேல் விற்றது.

மறுபக்கம் 2003. மேட்ரிக்ஸ் ரீலோடட் படமும் என்டர் தி மேட்ரிக்ஸ் கேமும் மே 15 அன்று ஒரே நாளில் வந்தன. இயக்குநர்களே கேமுக்காகத் தனியாக ஒரு மணி நேரக் காட்சிகள் எடுத்துக் கொடுத்தார்கள். காசுக்கும் அக்கறைக்கும் குறைவில்லை. இருந்தும் அவசரம் அவசரமாக முடித்தது ஆடும்போது தெரிந்தது. சுவருக்குள் மாட்டிக்கொள்வது, கார் ஓட்டும் பகுதிகள் சொதப்புவது என்று விமர்சகர்கள் கிழித்தார்கள். ஆனாலும் ஒரு வருடத்துக்குள் 50 லட்சம் விற்றது. இதில் வேடிக்கை, மேட்ரிக்ஸ் வார்னர் படம். கேமை வெளியிட்ட இன்ஃபோகிராம்ஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனி அட்டாரி என்ற பழைய பெயரை வாங்கி வைத்திருந்தது, அதே மே மாதம்தான் தன் அமெரிக்கக் கிளையின் பெயரை அட்டாரி என்று மாற்றியது. 21 வருடம் கழித்து மறுபடியும் வார்னர், அட்டாரி, வெளியீட்டுத் தேதி!

இதை வைத்து, படத்தோடு ஒரே சமயத்தில் வரும் கேம் எல்லாம் மோசம் என்று சூத்திரம் போட்டுவிடலாமா? அங்கேயும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. 2004 ஜூனில் வின் டீசலின் தி க்ரானிக்கிள்ஸ் ஆஃப் ரிடிக் படம் வந்தது, விமர்சகர்களிடம் நன்றாக அடி வாங்கியது. அதே மாதம் எஸ்கேப் ஃப்ரம் புட்சர் பே என்ற கேம் வந்தது. ஸ்வீடனின் ஸ்டார்பிரீஸ் குழு செய்தது. படத்தைவிட கேம் எத்தனையோ மடங்கு மேல் என்பது ஏறக்குறைய ஒருமித்த தீர்ப்பு. ஒரு வித்தியாசம். கேமின் கதை படத்தின் கதை அல்ல, அதற்கு முந்தைய சிறைக் கதை. ஆகவே படத்தில் எந்தக் காட்சி இருக்கும், எது வெட்டுப்படும் என்று ஸ்டார்பிரீஸ் காத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அதே மாதிரிதான் 2009ன் பேட்மேன் ஆர்க்கம் அசைலமும். எந்தப் படத்தின் வெளியீட்டுக்காகவும் அது அவசரப்படவில்லை.

ஆக, கடையில் நிற்பவர் டப்பாவின் முன்பக்கம் இருக்கும் ஹீரோ முகத்தைப் பார்ப்பதைவிட இரண்டு தேதிகளைப் பார்ப்பது பயன் தரும். படம் என்று வந்தது, கேம் என்று வந்தது? இரண்டும் ஒன்றாக இருந்து, கதையும் ஒன்றாக இருந்தால் பணத்தை இரண்டு வாரம் பையிலேயே வைத்திருக்கலாம். அதற்குள் யாராவது குழியில் விழுந்து சொல்லிவிடுவார்கள். 1982ல் அந்த அப்பா அம்மாக்களுக்கு இந்த வசதி கிடையாது. டிசம்பர் 25 காத்திருக்காதே!

2014 ஏப்ரல் 26 அன்று அலமொகோர்டோ குப்பைமேட்டைத் தோண்டினார்கள். ஒரு ஆவணப்படத்துக்காக. புழுதிக் காற்றில் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியிருந்தது, வார்ஷாவும் வந்திருந்தார். கான்கிரீட்டுக்குக் கீழே கார்ட்ரிட்ஜ்கள் இருந்தன. ஈ.டி.யும் இருந்தது, ஆனால் கொஞ்சம்தான். சென்டிபீட், டிஃபெண்டர், மிஸ்ஸைல் கமாண்ட் என்று நல்ல கேம்கள் பலவும் சேர்ந்தே கிடந்தன. மொத்தம் 7,28,000 கார்ட்ரிட்ஜ்கள் புதைக்கப்பட்டதாக அட்டாரியின் அந்நாளைய மேலாளர் ஒருவர் அங்கே சொன்னார். கட்டுக்கதையில் இருந்தது போல அது ஈ.டி.யின் கல்லறை அல்ல, விற்காத சரக்கு எல்லாவற்றின் கல்லறை. சுமார் 1,300ஐ மட்டும் எடுத்துவிட்டு மறுபடி மூடினார்கள். சில அருங்காட்சியகங்களுக்குப் போயின. மற்றதை ஊர் நிர்வாகம் ஈபேயில் ஏலம் விட்டது. ஒரு லட்சம் டாலருக்கு மேல் வசூலானது. அதிலேயே அதிக விலைக்குப் போனது டப்பாவோடு கிடைத்த ஒரு ஈ.டி., 1,535 டாலர்.